ஓரியன் நெபுலா படம் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடங்களில் சாதாரண கேமராவுக்கு எளிதில் சிக்குவது ஓரியன் நெபுலாதான். எம் 42 என்பது அதன் பட்டியல் எண். ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மூன்று பெல்ட் நட்சத்திரங்களுக்குத் தெற்கே தொங்கும் வாளின் நடுவில் லேசாகப் புகைமூட்டம் போலத் தெரிகிறதே, அதுதான். தூரம் சுமார் 1,340 ஒளியாண்டு, வானத்தில் அகலம் முழுநிலாவைப் போல இரண்டு மடங்கு. லண்டனில் இது 33 டிகிரிதான் ஏறும். சென்னையில் 70 டிகிரியைத் தாண்டி ஏறிவிடுகிறது, அதாவது அடிவானத் தூசுக்கெல்லாம் மேலே, நல்ல காற்றில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தை, மாசிதான் நமக்கு சீசன். ஜனவரி நடுவில் இரவு பத்து மணிவாக்கில் உச்சிக்கு வரும், பிப்ரவரி நடுவில் எட்டு மணிக்கே வந்துவிடும்.

இவ்வளவு வசதியிருந்தும் படம் சரியாக வராமல் போக ஏகப்பட்ட காரணங்கள் உண்டு. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர், 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ், வானத்தின் நகர்வோடு கேமராவையும் திருப்பும் சின்ன ஸ்டார் டிராக்கர், ஒரு டிரைபாட். இந்த அமைப்பை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும், எண்கள் மட்டும் மாறும்.

எதையும் தொடும் முன் ஒரு வேலை. பல ஃப்ரேம்களை மென்பொருளில் ஒன்றாக அடுக்கி, அதாவது ஸ்டாக் செய்து, முடித்த படத்தில் கோளாறு தேடாதீர்கள். ஒரே ஒரு ரா ஃப்ரேமைத் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி நடுவையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். அப்புறம் அந்த இரவின் முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஸ்டாக்கிங் எல்லாவற்றையும் சராசரியாக்கிவிடும், அதனால் எது எப்போது கெட்டது என்பதே தெரியாமல் போய்விடும். முடித்த படத்தை வைத்துக்கொண்டு மென்பொருளில் மணிக்கணக்காக மல்லுக்கட்டுபவர்கள் தேடுகிற பதில் பெரும்பாலும் அந்த இரண்டு ஃப்ரேம்களிலேயே இருக்கும்.

நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை, கோடாக இழுத்திருக்கின்றன

அதிகம் வரும் புகார் இதுதான், ஆனால் இதற்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. படம் முழுக்க ஒரே திசையில் இழுத்திருக்கிறதா, மூலைகளில் மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒரே திசை என்றால் அது கிழக்கு-மேற்கா, வடக்கு-தெற்கா என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு எளிய வழி, டிராக்கரை அணைத்துவிட்டு அதே சட்டகத்தில் 10 விநாடிக்கு ஒரு படம் எடுப்பது. அதில் விழும் கோடுகள்தான் உங்கள் கிழக்கு-மேற்கு. கெட்ட ஃப்ரேமை அதனுடன் ஒப்பிட்டால் விடை வந்துவிடும். பெல்ட்டிலிருந்து வாள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது தெற்கு, இதையும் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

கிழக்கு-மேற்காக நீளமாக இழுத்திருந்தால் கோட்டின் நீளத்தை அளந்து பாருங்கள். 135 மி.மீ. லென்ஸில் இந்த வகை சென்சாரில் ஒரு பிக்சல் என்பது ஏறக்குறைய 6 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்). வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஆக டிராக்கிங் இல்லாவிட்டால் விநாடிக்கு இரண்டரை பிக்சல், 30 விநாடியில் 75 பிக்சல். உங்கள் 30 விநாடி ஃப்ரேமில் கோடு 75 பிக்சல் அளவில் இருந்தால் மோட்டார் ஓடவே இல்லை, அல்லது கிளட்ச் இறுகவில்லை. 37 பிக்சல் என்றால் டிராக்கர் பாதி வேகப் பயன்முறையில் இருக்கிறது, நிலக்காட்சியோடு சேர்த்து எடுப்பவர்களுக்காக வைத்திருக்கும் வசதி அது. 150 பிக்சல் என்றால் வடக்கு/தெற்கு சுவிட்ச் தெற்கில் இருக்கிறது, டிராக்கர் வானத்துக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு அந்த சுவிட்ச் நகர்வது சகஜம்.

மூன்று நான்கு பிக்சல்தான் இழுப்பு, அதுவும் சில ஃப்ரேம்களில் மட்டும், மற்றவை ஜோர் என்றால் அது பற்சக்கரத்தின் இயல்பான ஏற்ற இறக்கம். எடைச் சமநிலையைச் சரிபாருங்கள். துல்லியமான சமநிலையை விட கிழக்குப் பக்கம் ஒரு பொடி எடை கூடுதலாக இருப்பது நல்லது, பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் எக்ஸ்போஷரைப் பாதியாக்குங்கள். 60 விநாடியில் பாதி ஃப்ரேம்களைக் குப்பையில் போடுவதற்கு 30 விநாடியில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது மேல்.

வடக்கு-தெற்காக இழுத்தால் துருவ ஒழுங்கு சரியில்லை, அதாவது டிராக்கரின் அச்சு வான துருவத்தை நேராகப் பார்க்கவில்லை. இங்கே நமக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வீடியோக்கள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைதான். சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, நாகர்கோவிலில் 8 சொச்சம். அந்த உயரத்தில் தென்னந்தோப்பு இருக்கும், பக்கத்து வீட்டு மாடி இருக்கும், ஒன்றும் இல்லாவிட்டாலும் புழுதி இருக்கும். அது மங்கலாகத்தான் தெரியும், பக்கத்தில் அடையாளத்துக்கு வேறு நல்ல நட்சத்திரமும் இருக்காது. ஜனவரி முன்னிரவில் சிறுகரடி துருவத்துக்குக் கீழே, பாதி அடிவானத்துக்குள் போயிருக்கும். வடமேற்கில் டபிள்யூ எழுத்து போலக் கிடக்கும் காசியோப்பியாவை வைத்துத் திசையைப் பிடித்து, டிராக்கரின் போலார் ஸ்கோப்பில் (துருவத்தைக் குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கி) தெரிவதில் பிரகாசமானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டிராக்கர் வாங்கும் முன்பே அதன் அடித்தட்டு எவ்வளவு தாழ இறங்கும் என்று பார்த்துவிடுங்கள். 15 டிகிரியில் நின்றுவிடுகிற தட்டு நமக்கு உதவாது, டிரைபாட் காலைச் சாய்த்து ஈடுகட்டுவது தலைவலி.

துருவ நட்சத்திரம் தெரியவே இல்லையா? நட்சத்திரம் நகரும் திசையைப் பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறைதான் வழி, அதற்கு ஓரியனே கைகொடுக்கிறது. பெல்ட்டின் வடகோடி நட்சத்திரமான மின்டாகா கிட்டத்தட்ட வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. ஓரியன் உச்சியைக் கடக்கும் நேரத்தில் மின்டாகாவைச் சட்டகத்தின் நடுவில் வைத்து ஒரு படம், எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. கிழக்கு-மேற்கு நகர்வைக் கண்டுகொள்ளாதீர்கள், வடக்கு-தெற்கை மட்டும் பாருங்கள். நட்சத்திரம் தெற்கே நகர்ந்திருந்தால் டிராக்கரின் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது, மேற்கே கொஞ்சம் திருப்புங்கள். வடக்கே நகர்ந்திருந்தால் நேர்மாறு. அடுத்து உயரத்துக்கு, கிழக்கே தாழ்வாக இருக்கும் நட்சத்திரம் ஒன்று வேண்டும். ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு ஹைட்ரா விண்மீன் கூட்டத்தின் ஆல்ஃபார்ட் பொருத்தமான இடத்தில் இருக்கும். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. இரண்டையும் மாறி மாறி ஓரிரு சுற்று செய்தால் 135 மி.மீ.க்குப் போதும்.

மூலைகளில் மட்டும், நடுவிலிருந்து வெளியே பறப்பது போல இழுத்திருந்தால் டிராக்கரைத் திட்ட வேண்டாம், அது லென்ஸ் குணம். எஃப்/2, எஃப்/2.8 லென்ஸாக இருந்தால் எஃப்/4க்கு இறக்குங்கள். ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் கெட்டிருந்தால் அடாப்டர் தளர்ந்து லென்ஸ் சாய்ந்திருக்கும்.

எல்லா நட்சத்திரங்களும் உப்பியிருக்கின்றன, நெபுலா கொழகொழவென்று இருக்கிறது

ஃபோகஸ். லென்ஸில் முடிவிலிக் குறியீட்டில் வைத்துவிட்டு நம்பாதீர்கள், ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் வளையம் முடிவிலியையும் தாண்டிச் சுற்றும்.

ஓரியனின் காலில் இருக்கும் பிரகாசமான ரைஜலை நடுவில் வைத்து லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். முதலில் ஒரு வட்டத் தட்டு தெரியும். வளையத்தை மெதுவாகத் திருப்பத் திருப்ப அது சுருங்கும், விளிம்பில் ஊதா கலந்த சிவப்பு ஒட்டியிருக்கும். இன்னும் திருப்பினால் அந்த நிறம் போய், மறுபக்கம் தாண்டியதும் விளிம்பு பச்சையாகும். இந்த இரண்டு நிறங்களுக்கும் நடுவில், மயிரிழை அகலத்தில், நிறமே ஒட்டாத ஒரு இடம் இருக்கிறது. அதற்கு வந்துவிட்டீர்களா என்று ரைஜலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எப்போதும் கொஞ்சம் உப்பித்தான் தெரியும். பக்கத்தில் ஒரு பொடி நட்சத்திரத்தைப் பாருங்கள். அது திரையில் தோன்றி மறையும் எல்லையில் மினுக்கும். மிக நன்றாகத் தெரியும் புள்ளியில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மறுபடி பாருங்கள், டேப்பை அழுத்தும்போதே நகர்ந்திருக்கும்.

பாதினோவ் மாஸ்க் (லென்ஸின் முன் மாட்டும், கோடு கோடாக வெட்டிய தகடு) இருந்தால் வேலை இன்னும் சுலபம், நடுக்கோடு மற்ற இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தின் சரி நடுவில் வந்தால் முடிந்தது. மாஸ்க்கைக் கழற்ற மறந்துவிட்டு ஒரு மணி நேரம் எடுப்பது இந்தத் துறையின் ஆதி நகைச்சுவை. ஒவ்வொரு நட்சத்திரத்திலும் ஆறு முட்கள் முளைத்திருந்தால் காரணம் அதுதான்.

முதல் ஒரு மணி நேரம் அருமை, அப்புறம் படிப்படியாக மங்கல்

மூன்று பேர் மேல் சந்தேகப்படலாம்: பனி, மெல்லிய மேகம், குளிரில் நகர்ந்த ஃபோகஸ். பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்து, பொடி நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், நேரம் போகப் போக மோசமாகிக்கொண்டே வந்தால் லென்ஸில் பனி. அதே ஒளிவட்டம் வந்து வந்து போனால் மேகம். ஒளிவட்டம் இல்லாமல் எல்லாமே ஒரே சீராகப் பருத்தால் ஃபோகஸ்.

மார்கழி, தை மாதங்களில் வயல்வெளியிலோ ஏரிக்கரையிலோ நின்றால் பனி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு அவ்வளவாகக் குளிராத இரவிலும் லென்ஸ் நனைகிறது. லென்ஸைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் போதும், ஆனால் பனி பிடித்த பிறகு போடாமல் ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். லென்ஸ் ஹூட் கட்டாயம். துணியால் துடைக்காதீர்கள், துடைத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி பிடிக்கும், கூடவே தீற்றலும் சேரும்.

நடுப்பகுதி வெள்ளையாக வெந்துபோயிருக்கிறது

எம் 42-இன் மையத்தில் டிரபீசியம் என்ற இளம் நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அதில் பெரியதான தீட்டா 1 ஓரியானிஸ் சி-தான் சுற்றியுள்ள வாயுவை ஒளிரவைப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. மையத்துக்கும் வெளிச் சிறகுகளுக்கும் பிரகாச வித்தியாசம் அவ்வளவு அதிகம் என்பதால் ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பிடிக்கவே முடியாது. ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 11 அங்குல டெலஸ்கோப்பில் 51 நிமிடம் திறந்துவைத்துத்தான் இந்த நெபுலாவின் முதல் புகைப்படத்தை எடுத்தார், அதில் பதிந்தது பிரகாசமான பகுதி மட்டுமே. இன்றைய சென்சாருக்கு அந்தப் பகுதி சில விநாடிகளில் நிரம்பி வழிந்துவிடுகிறது.

தீர்வு, மூன்று தொகுப்பு. ஐஎஸ்ஓ 800, எஃப்/4 என்று வைத்துக்கொண்டால் வெளிப்பகுதிக்கு 60 விநாடி ஃப்ரேம்கள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, இடைப்பகுதிக்கு 10 விநாடியில் இருபது முப்பது, மையத்துக்கு 2 விநாடியில் இருபது. ஒவ்வொன்றையும் தனியாக ஸ்டாக் செய்து, கிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ லேயர் மாஸ்க் போட்டு இணையுங்கள். மாஸ்க்கின் விளிம்பை நன்றாக மங்கலாக்குங்கள், இல்லாவிட்டால் மையம் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். மையத்தைச் சாம்பல் ஆகும்வரை இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நெபுலாவிலேயே பிரகாசமான இடம், படத்திலும் அப்படியே இருக்கட்டும்.

சிவப்பே வரவில்லை, அல்லது எல்லாமே ஒரே சிவப்பு

ஹைட்ரஜன் வெளியிடும் முக்கியச் சிவப்பு 656.3 நானோமீட்டரில் இருக்கிறது. கடையில் வாங்கிய கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி, தோல் நிறம் சரியாக வருவதற்காக, அந்த இடத்தில் பெரும்பகுதி வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது. அதனால் மாற்றியமைக்காத கேமராவில் எம் 42 அடர் சிவப்பாக வராது, இளஞ்சிவப்பாகத்தான் வரும். அது கோளாறு அல்ல. ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் வைத்து ராவில் எடுங்கள், ஆட்டோவில் வேண்டாம்.

வடிகட்டியை எடுத்துவிடலாமா என்றால், எம் 42-க்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். குதிரைத்தலை நெபுலா, பர்னார்ட் வளையம் என்று போகும்போது யோசிக்கலாம்.

படம் முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால் தப்பு எடிட்டிங்கில். விளிம்புகள் சிவப்பு, உள்ளே ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளி கலந்து நீலப்பச்சைச் சாயல், அரை டிகிரி வடக்கே என்ஜிசி 1977 என்ற பக்கத்து நெபுலா நல்ல நீலம், ஏனென்றால் அங்கே தூசு நட்சத்திர ஒளியைச் சிதறடிக்கிறது. இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் நிறம் சரி. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர் மாட்டினால் அந்த நீலம் காலி, அது நகரத்து மொட்டைமாடிக்காரர்களுக்கான சமரசம்.

பின்னணி ஆரஞ்சு, பச்சை, அல்லது ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்

ஊர் வெளிச்சம். தனி ஃப்ரேம் பழுப்பாகத் தெரிவதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஹிஸ்டோகிராம் மேடு இடமிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். சிரில் என்ற மென்பொருளில் பின்னணி நீக்கும் கருவி இருக்கிறது, நெபுலாவின் மேல் மாதிரிப் புள்ளிகள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் வெளிச் சிறகுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். பச்சைச் சாயலைப் போக்க அதிலேயே தனி வசதி உண்டு.

நிலா இருந்தால் மென்பொருளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதில் நம் பஞ்சாங்கம் உதவும். திருவாதிரை என்பது ஓரியனின் தோளில் இருக்கும் பெட்டல்ஜூஸ்தான். மார்கழி ஆருத்ரா தரிசனம் அந்த நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடிவரும் நாளை ஒட்டி வருவது. அதாவது முழுநிலா ஓரியனுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும் இரவு. அன்று கோவிலுக்குப் போங்கள், அடுத்த அமாவாசைக்குக் கேமராவை எடுங்கள்.

மூலைகள் இருட்டு, ஆங்காங்கே வட்டக் கறைகள்

மூலை இருட்டையும் தூசுக் கறையையும் கழிக்க உதவும் ஃப்ளாட் ஃப்ரேம் எடுக்கவில்லை. ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் மாற்றாமல், லென்ஸின் மேல் வெள்ளைப் பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடிகாலை வானத்தையோ லேப்டாப்பின் வெள்ளைத் திரையையோ பார்த்து ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி முப்பது படம். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று லென்ஸைக் கழற்றிவிட்டால் அந்த இரவின் தூசு மறுபடி அதே இடத்தில் உட்காராது.

பின்னணியில் மழைச்சாரல் போலச் சாய்வான கோடுகள்

முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டுபோகும் அறிகுறி இது. தனி ஃப்ரேமில் இருக்காது, ஸ்டாக் செய்து வெளிச்சத்தை ஏற்றியதும் மட்டும் வரும். தனி ஃப்ரேமைப் பார் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. துருவ ஒழுங்கில் இருக்கும் சின்னப் பிழையால் சட்டகம் இரவு முழுக்க ஒரே திசையில் மெல்ல நகர்கிறது. சென்சாரின் நிலையான குறைகள் அதன் எதிர்த்திசையில் கோலம் போட்டுக்கொண்டே போகின்றன. டார்க் ஃப்ரேம் (லென்ஸை மூடிவைத்து எடுக்கும் படம்) கொஞ்சம் குறைக்கும், முழுதாகப் போக்காது. டிதரிங் மட்டுமே மருந்து: ஐந்தாறு ஃப்ரேமுக்கு ஒருமுறை சட்டகத்தைப் பத்து இருபது பிக்சல், ஒவ்வொரு முறையும் வேறு திசையில், நகர்த்துங்கள். தானியங்கி வசதி இல்லாதவர்கள் கையால் குமிழைத் தட்டினாலே போதும்.

சிவப்பு, நீலப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அவை ஹாட் பிக்சல்கள். நம் ஊர் வெப்பத்தில் கூடுதலாகவே வரும். அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், அதே இரவின் வெப்பநிலையில் மூடிபோட்டு இருபது டார்க். கேமராவுக்குள் இருக்கும் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அது தானாக ஒரு டார்க் எடுத்து உங்கள் இரவில் பாதியைத் தின்றுவிடும். ஒவ்வொரு க்ளிக்குக்குப் பிறகும் கேமரா ஒரு நிமிடம் உறைந்து நிற்கிறதே என்று குழம்புகிறவர்களுக்கும் இதே பதில்.

குறுக்கே வெள்ளைக் கோடுகள்

விமானமோ தாழ்பாதைச் செயற்கைக்கோளோ ஒரு ஃப்ரேமில் நீளமாகக் கிழித்துக்கொண்டு போகும். பதினைந்து இருபது ஃப்ரேமுக்கு மேல் இருந்தால் ஸ்டாக்கிங்கில் மற்ற ஃப்ரேம்களோடு ஒத்துப்போகாததை ஒதுக்கும் சிக்மா கிளிப்பிங் தேர்ந்தெடுங்கள், தானாக மறையும்.

ஆனால் பெல்ட்டையும் சேர்த்துச் சட்டகம் போடுகிறவர்களுக்கு இன்னொரு வகை வரும்: கிழக்கு-மேற்காக, குட்டையாக, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதே உயரத்தில். இவை புவிநிலைச் செயற்கைக்கோள்கள். அவை பூமியோடு சேர்ந்து ஒரே இடத்தில் நிற்கின்றன, நம் டிராக்கர் நகர்வதால் அவை கோடாகின்றன; 60 விநாடியில் கால் டிகிரி நீளம். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே இருக்கும் அவை தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது வான நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 2 டிகிரி தெற்கே தெரிகின்றன. பெல்ட்டின் கீழ்க்கோடி நட்சத்திரமான அல்னிடாக்கும் குதிரைத்தலையும் இருக்கும் இடம் சரியாக அதுதான். எம் 42 இன்னும் மூன்று டிகிரிக்கு மேல் தெற்கே தப்பித்துவிடுகிறது. ஒரே பாதையில் அடுத்தடுத்து வருவதால் குறைந்த ஃப்ரேம்களில் சிக்மா கிளிப்பிங்கும் திணறும், எண்பது நூறு ஃப்ரேம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஸ்டாக்கிங் மென்பொருள் ஒரே ஒரு ஃப்ரேமைத்தான் ஏற்கிறது

டீப்ஸ்கைஸ்டாக்கரில் நட்சத்திரம் கண்டறியும் வரம்பைக் குறைத்துப் பாருங்கள், எட்டுக்கும் குறைவாக நட்சத்திரங்கள் சிக்கினால் அது பொருத்த முடியாமல் கைவிட்டுவிடும். அப்படியும் ஏற்கவில்லையென்றால் அந்த ஃப்ரேமைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள்; ஃபோகஸ் போயிருக்கும் அல்லது கோடு இழுத்திருக்கும். 2 விநாடி ஃப்ரேம்களில் மட்டும் இந்தச் சிக்கல் என்றால் நட்சத்திரங்கள் உண்மையிலேயே போதவில்லை, அந்தத் தொகுப்பை மட்டும் 4 விநாடியாக்கி எடுங்கள்.